மூன்றாவது கதிரை

அந்தச் சம்மாந்துறைப் பெண் என்னைவிட அழகில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் வாசிக்கிறவர்கள் வேறு கதை கட்டிவிடுவார்கள். அப்போது அவளுக்கு இருபத்தைந்து, இருபத்தாறு வயதிருக்கும். மெலிந்த உடம்பு, கண்ணுக்குக் கீழே கருமை, முழங்கைவரை தோல் வெடித்து வெளிறிப்போன கைகள். எனக்கு அவள் மேல் எரிச்சல் வந்தது அவளுடைய முகத்துக்காக அல்ல. ஒவ்வொரு சனிக்கிழமையும் பின்னேரம், அசர் தொழுகைக்குப் பிறகு என் கணவர் அவளுக்கு முன்னால் உட்கார்ந்து, "அந்த நேரத்தில ஒங்கட மனசுல என்ன ஓடிச்சு?" என்று கேட்பார். கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை காத்திருப்பார். அந்தக் காத்திருப்பைப் பார்த்துத்தான் என் வயிறு எரிந்தது.

நீ எப்படிப் பார்த்தாய் என்று கேட்பீர்கள். அதே அறையில்தான் இருந்தேன். இருக்கவைத்தவரே அவர்தான்.

என் கணவர் உளவியலாளர். எண்பதுகளில் இலங்கையின் கிழக்குக் கரையில், கல்முனைப் பக்கத்தில் அப்படி ஒரு தொழில் இருப்பதே யாருக்கும் தெரியாது. மருந்து எழுதாதவர் எப்படி டொக்டர் ஆவார் என்று கேட்டார்கள். கேட்டுக்கொண்டே டொக்டர் என்றும் கூப்பிட்டார்கள். முதுகுக்குப் பின்னால், பைத்தியத்துக்குப் பார்க்கிறவர் என்று 'விசர் டொக்டர்' என்றார்கள், என்னை 'விசர் டொக்டர்ர பொஞ்சாதி' என்றார்கள். ஊசி இல்லை, குளிசை இல்லை, கையைப் பிடித்து நாடி பார்ப்பதுமில்லை, வெறும் கேள்வி. அவருடைய வைத்தியத்துக்கு ஆங்கிலத்தில் ஒரு நீண்ட பெயர் இருந்தது. தமிழில் 'சிந்தனைச் சிகிச்சை' என்று சொல்லிப் பார்த்தார். ஊர் அதை ஏற்கவில்லை, 'கதை வைத்தியம்' என்று தானாகவே ஒரு பெயர் வைத்துக்கொண்டது. உண்மையில் ஊர் வைத்த பெயர்தான் பொருத்தம்.

அவர் மருதமுனைக்காரர், தறி வீட்டுப் பிள்ளை. மலைநாட்டில் பல்கலைக்கழகம் போய்ப் படித்து, கொஞ்சக் காலம் பள்ளிக்கூடத்தில் படிப்பித்து, என்னைக் கலியாணம் முடித்து என் வீட்டுக்கு வந்தவர். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வருவார். வீடு எனக்கு என் வாப்பா கட்டித் தந்தது. ஆகவே நான் சொல்லப்போகிற அறையும் கதிரைகளும் கிணறும் என்னுடையவை. இதையும் ஒரு மூலையில் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

எழுபதுகளின் கடைசியில், எங்கள் மகள் கைக்குழந்தையாக இருந்தபோது, அவருக்கு இங்கிலாந்து போய் இந்த வைத்தியத்தைப் படிக்க இடம் கிடைத்தது. அங்கேயும் அது அப்போது புதிதாம். என் சாச்சா, வாப்பாவின் தம்பி, வந்து விறாந்தையில் இருந்துகொண்டு கேட்டார்.

"கதைக்கப் படிக்கிறத்துக்கு லண்டனுக்குப் போகணுமா மருமகன்? எங்கட மீன் சந்தையில ஒரு மாசம் நிண்டாக் காணாதா?"

இவர் சிரித்துக்கொண்டு விமானம் ஏறினார். இரண்டு வருசம் கழித்து வந்தபோது, சாச்சா கேட்டதற்குப் பதில் கொண்டுவந்திருந்தார். அங்கே கதைக்கப் படிப்பிக்கவில்லையாம், வாயை மூடப் படிப்பித்தார்களாம். முதல் மூன்று மாதம், ஒரு பக்கம் மட்டும் தெரிகிற கண்ணாடிக்குப் பின்னால் இருட்டில் உட்கார்ந்து, தேர்ந்தவர்கள் நோயாளியோடு கதைப்பதைப் பார்க்க மட்டும்தான் விட்டார்கள். அதற்குப் பிறகு இவர் கதைக்கும்போது ஒவ்வொரு சொல்லும் கசெட்டில் பதிவாகும். கிழமைக்கு ஒருமுறை, படிப்பிக்கிற ஒரு வயதான வெள்ளைக்கார அம்மா அதைப் போட்டுக் கேட்டு, இடையில் நிறுத்தி, "இந்த இடத்தில் நீ ஏன் கேட்கவில்லை? ஏன் சொன்னாய்?" என்று உலுப்பி எடுப்பாராம். ஒரு நோயாளி அழுதபோது இவர் இரக்கப்பட்டு, "எல்லாம் சரியாகிவிடும்" என்று சொல்லியிருக்கிறார். அம்மா கசெட்டை நிறுத்திவிட்டு, "அது உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டாராம். அன்றைக்கு அவருக்கு நித்திரையே வரவில்லையாம்.

இதையெல்லாம் வந்த புதிதில் இரவும் பகலும் சொல்லிக்கொண்டிருந்தார். நானும் கேட்டுக்கொண்டிருந்தேன். புத்தி சொல்லக் கூடாது, ஆறுதல் சொல்லவும் அவசரப்படக் கூடாது. ஆளை உறுத்துகிற நினைப்பு எது என்று அவர் வாயாலேயே சொல்லவைத்து, அது உண்மையா என்று இரண்டு பேருமாகச் சோதித்துப் பார்க்க வேண்டும். இதுதான் சாரம். இப்படி ஒருவர் என்னிடம் கேட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று எனக்கு ஆசை வந்தது. படித்துவந்த சூடு ஆறுமுன் என்னிடம் கேட்பார் என்று நினைத்தேன். கேட்கவில்லை.

கேட்டிருந்தால் சொல்ல என்னிடம் ஒன்று இருந்தது. அவர் அங்கே இருட்டுக்குள் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில்தான் இங்கே சூறாவளி அடித்தது. கூரை ஓடு ஒன்றொன்றாகக் கழன்று போக, நான் பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கட்டிலுக்குக் கீழே கிடந்தேன். தென்னை ஒன்று சமையலறை மேல் விழுந்தது. அந்த நேரம் என் மனதில் ஒரு நினைப்பு ஓடியது, அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அதற்குப் பிறகு காற்றுக் கொஞ்சம் பலமாக வீசினாலும் எழும்பிப் போய்ப் பிள்ளையைத் தூக்கிவிடுவேன். அவள் பள்ளிக்கூடம் போகிற வயதாகியும் தூக்கினேன். எல்லாவற்றையும் அவருக்கு நாலு பக்கத்தில் எழுதினேன். அல்ஹம்துலில்லாஹ் எல்லாரும் தப்பினீர்கள், மருதமுனையில் வாப்பாவின் தறிக்கு என்ன நடந்தது என்று பதில் வந்தது. வந்து சேர்ந்த பிறகும் கூரையைப் பார்த்தார், புது ஓட்டின் நிறம் பொருந்தவில்லை என்றார். அவ்வளவுதான்.

சரி, கதிரை விசயத்துக்கு வருகிறேன். வார நாளில் அவருக்கு அரசாங்க வேலை, சனிக்கிழமை வீட்டு முன்னறையில் ஆட்களைப் பார்ப்பார். ஆண்கள் வந்தால் பிரச்சினை இல்லை. பெண்கள் வந்தால், அந்நிய ஆணும் பெண்ணும் ஓர் அறையில் தனித்திருக்கக் கூடாது. ஆகவே கூட்டிவருகிறவரும் உள்ளே வந்து உட்காருவார். உம்மா பக்கத்தில் இருந்தால் மகள் என்ன சொல்வாள்? புருசன் இருந்தால் அதுவுமில்லை. ஒரு தாய், மகளிடம் கேட்ட கேள்விக்கெல்லாம் தானே பதில் சொன்னாள். இரவில் நித்திரை எப்படி என்று கேட்டதற்கும், "அவ நல்லாப் படுப்பா டொக்டர்" என்றாள். மகள் சரியாக நித்திரை கொண்டு இரண்டு மாதமாகியிருந்தது.

இவர் பள்ளி மௌலவியிடம் போய் ஒரு வழி கேட்டார். "ஒங்கட பொஞ்சாதி கூட இரிந்தா அது தனிமையாகாது" என்றார் மௌலவி. அன்றைக்கே ஜன்னலோரம் மூன்றாவது கதிரை போடப்பட்டது. என்னிடம் யாரும் கேட்கவில்லை.

"நீ அங்க இரிப்பாய், ஆனா இல்ல" என்றார். "கேக்கிறதெல்லாம் இந்த அறைக்குள்ளயே கிடக்கணும்."

"அப்ப காதப் பொத்திக்கிட்டு இரிக்கவா?"

"கேளு. முகத்தில காட்டாத."

இப்படித்தான் நான் வாயும் முகமும் இல்லாத ஆளானேன். மடியில் தொப்பி பின்னுவதற்கு நூலும் ஊசியும் வைத்துக்கொள்வேன். அந்த வருசங்களில் எங்கள் குடும்பத்து ஆண்கள் எல்லாருக்கும் தேவைக்கு அதிகமாகத் தொப்பி இருந்தது.

அந்தக் கதிரையிலிருந்து பார்த்தால் என் கணவர் வேறு மனிதர். வீட்டில் நான் ஒரு வசனம் தொடங்கினால் பாதியில் அவர் முடித்துவிடுவார், அதுவும் பிழையாக முடிப்பார். அங்கே யாரோ ஒருத்தி, "அது வந்து டொக்டர்..." என்று இழுத்தால், அந்த இழுவை தரையில் விழுந்து அடங்கும்வரை பேசாமலிருப்பார். எங்கள் மகள் எத்தனையாம் வகுப்பு என்று அவருக்குத் தடுமாறும். சம்மாந்துறைப் பெண்ணின் மகனுக்கு முன் பல் விழுந்தது மூன்று கிழமைக்குப் பிறகும் ஞாபகமிருந்தது. "மகன்ட பல்லு முளைச்சிட்டா?" என்று கேட்டார். நான் ஊசியால் விரலில் குத்திக்கொண்டேன்.

அவள் அரிசி ஆலைக் குடும்பத்துப் பெண். அவளுடைய காக்கா, அதாவது மூத்த அண்ணன், லொறியில் கூட்டிவந்து, விறாந்தையில் உட்கார்ந்து பால் போடாத பிளேன்டி குடித்துக்கொண்டிருப்பார். அவளுக்கு வந்திருந்தது வஸ்வாஸ். எங்கள் ஆட்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். தொழுகைக்கு முன் வுழூ எடுக்கும்போது முகமும் கையும் காலும் கழுவுவோம். இவளுக்குக் கழுவி முடித்ததும் சந்தேகம் வரும். முழங்கைக்குப் பின்னால் தண்ணீர் பட்டதா? திரும்பவும் கழுவுவாள். திரும்பவும் சந்தேகம். மதியத் தொழுகை லுஹருக்குக் கிணற்றடிக்குப் போனால், பின்னேர அசருக்கு அழைக்கிற வாங்கு சொல்லும்போதும் அங்கேயே நிற்பாள். ஜின் பிடித்திருக்கிறது என்று ஓதிப் பார்த்தார்கள், தண்ணீர் ஓதிக் கொடுத்தார்கள். அந்தத் தண்ணீரையும் அவள் கையைக் கழுவத்தான் எடுத்தாள்.

என் கணவர் அவளிடம் ஜின் இல்லை என்று சொல்லவில்லை. தண்ணீர் பட்டிருக்கும் என்றும் சொல்லவில்லை. அவள் கெஞ்சுவாள்.

"பட்டிரிக்கும்தானே டொக்டர்? ஒரு வார்த்த செல்லுங்க. நீங்க செல்லிட்டா எனக்கு நிம்மதி."

"நான் சொன்னா எவ்வளவு நேரத்துக்குக் காணும்?"

அவள் யோசிப்பாள். "பொழுதுபட்டு மஃரிபு வரைக்கும்."

"பிறகு?"

"பிறகு இன்னொருக்காக் கேக்கணும்."

"அப்ப நான் சொல்லாம இரிக்கிறது நல்லமா, கெட்டமா?"

இப்படி அவளையே சொல்லவைப்பார். ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு கீறுவார். ஒரு பக்கம் அந்த நினைப்பு உண்மை என்பதற்கு ஆதாரம், மற்றப் பக்கம் எதிரானது. எழுதுவது அவள்தான், இவர் கேட்பது மட்டும்தான். தெரியாத விசயத்துக்கு மனதால் முடிவெடுக்கக் கூடாது, போய்ப் பார்க்க வேண்டும், அல்லது உரிய ஆளிடம் கேட்க வேண்டும் என்பது அவர் திரும்பத் திரும்பச் சொல்கிற பாடம். மார்க்கத்தில் இதற்கு என்ன சட்டம் என்று மௌலவியிடம் கேட்டுவரச் சொன்னார். சந்தேகத்தால் வுழூ முறியாது, ஒருதரம் கழுவினால் போதும், சந்தேகம் வந்தாலும் திரும்பக் கழுவாமல் தொழ வேண்டும் என்று அவளே கேட்டுவந்து எழுதினாள். முதல் நாளே இதைச் சொல்ல அவருக்குத் தெரியும். அவளாகத் தேடிப் போகட்டும் என்று ஆறு கிழமை பொறுத்திருந்தார். ஆறு கிழமை! என் உப்புக் குறைந்த கறிக்கு அவர் ஆறு நிமிடம் பொறுத்ததில்லை.

அன்றிரவு சோறு போட்டுவிட்டுக் கேட்டேன். "என்ர மனசுல என்ன ஓடுதுண்டு கேளுங்க பாப்பம்."

"என்ன ஓடுது, மீன் கருகிட்டா?" என்றார்.

சனிக்கிழமை முழுக்க அவர் காது வேலை செய்கிறது, வீட்டுக்குள் வந்தால் அதற்கு விடுமுறை. சாப்பாட்டுக்குப் பிறகும் சும்மா இருக்க மாட்டார். அனுமதி வாங்கிப் பதிவு செய்த கசெட்டைக் குறைந்த சத்தத்தில் போட்டு, காதோடு அணைத்துக்கொண்டு கேட்பார். தன் பிழையைத் தானே பிடிப்பதற்காம். இங்கே உலுப்பி எடுக்க அந்த வெள்ளைக்கார அம்மா இல்லையே, ஆகவே அவரே தனக்கு அம்மாவாகிவிட்டார். "இந்த இடத்தில அவசரப்பட்டுட்டன்" என்று முணுமுணுப்பார். என்னிடம் அவசரப்பட்டதெல்லாம் எந்தக் கசெட்டிலும் ஏறவில்லை. அதனால் அதற்குத் திருத்தமும் இல்லை.

பிறகு கிணற்றடிப் பாடம் வந்தது. சந்தேகத்தோடேயே இருந்து பழக வேண்டும், கழுவாமல் நின்றால் பயம் ஏறும், ஏறி நின்று, தானாக இறங்கும். அதை அவள் தன் உடம்பால் காண வேண்டும். அதற்கு இவர் பக்கத்தில் நின்று சொல்ல வேண்டும். ஆனால் வுழூ எடுக்கும்போது பெண்ணின் கையும் காலும் தலையும் திறந்திருக்கும், அந்நிய ஆண் பார்க்க முடியாது. லண்டனில் இதற்கு ஒரு பாடமும் நடத்தவில்லை. ஆகவே என் கணவர் கிணற்றுக்கு முதுகைக் காட்டி, வாழைமரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் கிணற்றடியில் நின்றேன். அவர் வாழைமரத்திடம் கேட்பார், நான் பதில் சொல்வேன்.

"முடிச்சிட்டாவா?"

"முடிச்சிட்டா."

"என்ன செய்யிறா?"

"வாளியப் பாத்துக்கிட்டு நிக்கிறா."

"தங்கச்சி, இப்ப பயம் எவ்வளவு?" இது அவளுக்கு. குரல் அப்படியே பஞ்சாகிவிடும்.

"நெஞ்சு வெடிக்கப் போகுது டொக்டர். ஒருக்காக் கழுவிட்டு வாறன்."

"கழுவலாம். ஒங்கட கை, ஒங்கட தண்ணி. கழுவாமக் கொஞ்ச நேரம் நிண்டா என்ன நடக்குமெண்டு பாக்கவா?"

அவளுக்கு உடம்பு உதறியது. கையை நீட்டி வாளிக் கயிற்றைப் பிடித்தாள். அவர் முதுகுக்குப் பின்னால் நடப்பதை அறிந்த ஒரே ஆள் நான். கழுவட்டும் என்று என் மனம் சொன்னது. கழுவினால் இந்த வைத்தியம் தோற்கும், தோற்றால் அவள் வரமாட்டாள், வராவிட்டால் சனிக்கிழமை எனக்கு மிஞ்சும். இப்படி நினைத்தேன், இன்றைக்கும் அதற்காக வெட்கப்படவில்லை. ஆனால் அவளுடைய கையைப் பார்த்தேன். வெடிப்புக்குள் சிவப்புத் தெரிந்தது. கயிற்றை அவளிடமிருந்து நான் வாங்கிக்கொண்டேன்.

"என்ன செய்யிறா?" என்றார் வாழைமரக்காரர்.

"நிக்கிறா" என்றேன்.

அவள் நின்றாள். அசர் வெயில் சாய்ந்து மதில் மேலேறி மறையும்வரை நின்றாள். பிறகு உதறல் குறைந்து, ஒரு பெருமூச்சு விட்டு, முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு என் பாயில் போய் மஃரிபு தொழுதாள். அவருக்குச் சந்தோசம் தாங்கவில்லை. அன்றைக்கு இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டார். கயிற்றை யார் வாங்கினார்கள் என்று கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

மாரி தொடங்கியது. ஒரு சனிக்கிழமை நற்பிட்டிமுனைப் பக்கம் வெள்ளம் ரோட்டுக்கு மேலால் ஓடியது. சம்மாந்துறையிலிருந்து வாகனம் ஒன்றும் வரவில்லை. அவர் நேரத்துக்குக் குளித்து, சட்டை மாற்றி, முன்னறையில் தன் கதிரையில் உட்கார்ந்து மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். காற்று எழும்பி, தென்னைகள் ஒன்றோடொன்று அடித்துக்கொண்டன. உள்ளே போய்ப் பார்த்தேன், மகள் கதைப் புத்தகம் வாசித்துக்கொண்டிருந்தாள், தூக்க முடியாத அளவுக்கு வளர்ந்திருந்தாள். திரும்பி வந்து நோயாளியின் கதிரையில் உட்கார்ந்தேன். முக்காட்டைச் சரியாகப் போட்டுக்கொண்டேன்.

"என்ன?" என்றார்.

"எனக்கும் ஒண்டு இரிக்கி. கேளுங்க."

விளையாட்டு என்று நினைத்தார். என் முகத்தைப் பார்த்ததும் இல்லை என்று விளங்கியது. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சொந்த வீட்டு ஆளுக்கு நாங்க வைத்தியம் பாக்கக்கூடா புள்ள. எங்கட படிப்பில அது சட்டம். நம்மட ஆளெண்டா நிதானம் தவறிரும், சரியாக் கேக்க வராது." கொஞ்சம் யோசித்துவிட்டு, உதவி செய்கிற முகத்தோடு சொன்னார். "கண்டியில ஒரு அம்மா இரிக்கிறா, கெட்டிக்காரி. கடிதம் தாறன்."

என் சீதன வீட்டில், என் கதிரையில் உட்கார்ந்திருந்த எனக்குக் கண்டிக்குக் கடிதம்! ஊருக்குத்தான் உபதேசம் என்று சும்மாவா சொன்னார்கள். சட்டம் சரியாக இருக்கலாம். பின்னாளில் விசாரித்தேன், அது உண்மையான சட்டம்தான். ஆனால் நான் அவரிடம் வைத்தியம் கேட்கவில்லை. எழும்பிப் போய் அடுப்பை மூட்டினேன், ஈர விறகு பற்றவில்லை, ஊதி ஊதிக் கண்ணெல்லாம் எரிந்தது. புகைக்கு அழுகிறேன் என்று அவர் நினைத்திருப்பார்.

வெள்ளம் வடிந்து அவள் வரத்தொடங்கியதும் என் எரிச்சல் முன்னையைவிட மோசமாகியது. அவள் குணமாகிக்கொண்டு வந்தாள், அதுவும் எனக்குப் பொறுக்கவில்லை. குணமாகாமல் இருந்தாலும் பொறுத்திருக்காது. ஒவ்வொரு நேரமும் ஒரே வுழூ, ஒரே தொழுகை. கையில் புதுத் தோல் வந்தது. சிரிக்கவும் பழகினாள். நான் கண்ணெடுக்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருப்பேன். இவளுக்குக் கிடைப்பது எனக்கு ஏன் கிடைக்கவில்லை என்று அவளுடைய நெற்றியில் எழுதியிருக்கிறதா என்று தேடுகிறவளைப் போல.

வெயில் திரும்பிய ஒரு சனிக்கிழமை, இனி வரத் தேவையில்லை, இது கடைசித் தரம் என்று இரண்டு பேரும் பேசி முடிவெடுத்திருந்தார்கள். ஆலையில் குற்றிய சிவப்பரிசி ஒரு சின்ன மூட்டை கொண்டுவந்திருந்தாள். எல்லாம் கதைத்து முடிந்ததும் அவர் கடைசியாகக் கேட்கிற கேள்வியைக் கேட்டார். அதுவும் படித்து வந்ததுதான். சொல்லாமல் வைத்தது ஒன்றிருந்தால், வருத்தம் அந்த வழியால் திரும்ப வருமாம்.

"எனக்கிட்டச் சொல்லாம வச்சிரிக்கிற நினைப்பு ஏதும் இரிக்கா தங்கச்சி?"

அவள் குனிந்தாள். என்னைப் பார்த்தாள். திரும்பக் குனிந்தாள்.

"ஒண்டு இரிக்கி. செல்ல வெக்கமா இரிக்கி."

அவர் காத்திருந்தார்.

"எனக்கு ராத்தாவில பொறாம டொக்டர்."

அக்கா முறையில் ராத்தா என்றது என்னைத்தான். என் ஊசி நின்றது.

"எனக்குக் கிழமைக்கு ஒரு மணித்தியாலம். மிச்சமெல்லாம் அவக்கு. நினைச்ச நேரத்தில நினைச்சத ஒங்களுக்கிட்டச் செல்லலாம். நான் வீட்ட போனா எங்கட மனிசன் ஆலைக் கணக்குக் கதைப்பாரு, இல்லாட்டிப் படுப்பாரு. ஒவ்வொரு சனிக்கிழமையும் இஞ்சிருந்து போகக்குள்ள எரிச்சலோடதான் லொறியில ஏறுறன். குடுத்துவச்ச பொம்புள எண்டு."

என் கணவர் பழக்கத்தில் தாளை எடுத்தார், கோடு கீறினார்.

"அப்படி நினைக்கிறத்துக்கு என்ன ஆதாரம்?"

"அவட முகம்" என்றாள். "அஞ்சு மாசமாப் பாக்கன். ஒரு நாளும் சலிச்சுக்கிட்டு அங்கால திரும்பினதில்ல. என்னையே பாத்துக்கிட்டு இரிப்பா. மனசில பாரமில்லாத ஆளுக்குத்தான் அடுத்தவள்ட கதைய அப்படிக் கேக்கலாம்."

என் பொறாமையைப் பார்த்து அவள் அப்படி நினைத்திருக்கிறாள். சிரிப்பதா என்று தெரியவில்லை.

"எதிரா ஏதும் ஆதாரம்?"

"தெரியா டொக்டர்." பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தாள். "தெரியாட்டி மனசால முடிவெடுக்காம, உரிய ஆளுக்கிட்டக் கேக்கச் செல்லித்தானே தந்திரிக்கிறீங்க." என் பக்கம் திரும்பினாள். "ராத்தா, ஒங்கட மனசில உள்ளத இவருக்கிட்டச் செல்லுவீங்களா?"

ஓம் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் அவள் வயிறெரிந்துகொண்டு போவாள். ஐந்து மாதம் நான் எரிந்ததற்கு அது சரியான கூலி, அதன் இனிப்பு எனக்கு வாயில் ஊறியது. அவருடைய மானமும் தப்பும், ஊரில் என் பெயரும் ஏறும். ஆனால் அவர் தாளிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார். என்ன சொல்வேன் என்று அவருக்குத் தெரியாது. வசனத்தை முடித்துவைக்க அவரிடம் சொல்லும் இல்லை. காத்திருந்தார். அந்த அறையில் எத்தனையோ பெண்களுக்குக் கிடைத்த காத்திருப்பு, அன்றைக்குத்தான் முதல்முதலாக என் பக்கம் திரும்பியது. அந்தக் காத்திருப்பின் முன் எனக்குப் பொய் வரவில்லை.

"இல்ல" என்றேன்.

"ஏன் ராத்தா?"

"அவர் கேட்டதில்ல. ஒரு நாளும் கேட்டதில்ல."

விறாந்தையில் அவளுடைய காக்கா கோப்பையை வைக்கிற சத்தம் கேட்டது. என் கணவரின் காது சிவந்திருந்தது. தாளை அவளிடம் தள்ளினார். அவள் பேனையை எடுத்து, எதிரான பக்கத்தில் நான் சொன்னதை ஒவ்வொரு எழுத்தாக எழுதினாள்.

"இப்ப அந்த நினைப்பு எவ்வளவு இரிக்கி?" என்று கேட்டார்.

"இல்ல டொக்டர். போயிட்டு." அவள் எழும்பி என்னிடம் வந்து, புதுத் தோல் வந்த இரண்டு கையாலும் என் கையைப் பிடித்தாள். சலாம் சொல்லிவிட்டுப் போனாள். லொறி புறப்பட்டுச் சந்தி திரும்பும் சத்தம் கேட்டது.

பிறகு அவர் எழும்பிக் கதவைச் சாத்தினார். எங்கள் இரண்டு பேருக்கும் தனித்திருப்பது ஆகும்.

"எப்ப இருந்து?" என்று கேட்டார்.

"சூறாவளியில இருந்து" என்றேன்.

சொல்லத் தொடங்கினேன். கட்டிலுக்குக் கீழே கிடந்தபோது ஓடிய நினைப்பைச் சொன்னேன். பிள்ளையும் நானும் செத்தால் இவருக்குச் செய்தி போகும், இவர் அதைப் படித்துவிட்டுப் பிறகு வகுப்புக்குப் போவார் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். அதைச் சொன்னேன். நாலு பக்கக் கடிதத்தைச் சொன்னேன். தறியைப் பற்றி அவர் கேட்டதைச் சொன்னதும் அவருக்குப் பொறுக்கவில்லை.

"அப்ப நான் என்ன செய்யிற?" என்று கத்தினார். "எனக்குச் செய்தி வந்தது எப்ப எண்டு தெரியுமா ஒனக்கு? லண்டன்ல இருந்து நீந்தியா வாற? எத எழுதிற எண்டு தெரியாமத்தான் தறியக் கேட்டன். என்னைப் போய்... வகுப்புக்குப் போவனெண்டு..."

அந்தக் கதிரையில் இருந்த எந்தப் பெண்ணின் பேச்சையும் அவர் இடையில் வெட்டியதில்லை. எவளிடமும் குரலை உயர்த்தியதில்லை. எவளுக்காகவும் அழுததில்லை. படித்ததெல்லாம் காற்றில் போக, கண்ணாடியை எங்கே வைத்தார் என்று தெரியாமல் மேசையைத் தடவிக்கொண்டு, அவர் கத்திக்கொண்டும் அழுதுகொண்டும் நின்றார்.

"இன்னும் இரிக்கி" என்று அடுத்ததைத் தொடங்கினேன்.